மூளைத் திசு மாற்றமும் நரம்பு இணைப்புகளும்: சுண்டெலி ஆய்வுகள் தரும் பாடம்

சிறுநீரகம் செயலற்றுப் போனவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவது இன்று நாட்டின் பல நகரங்களில் வழக்கமாக நடைபெறும் சிகிச்சையாகும். கண்ணின் கருவிழியை மாற்றுவது அதனினும் பழமையானது. இவற்றைப் போலவே, பழுதுற்ற மூளைப் பகுதிக்கு ஈடாக நல்ல திசுவை வைத்துப் பயன் காண இயலுமா என்ற கேள்வி நூறாண்டுகளுக்கும் மேலாக விஞ்ஞானிகளின் கவனத்தை ஈர்த்து வந்துள்ளது. பார்க்கின்சன் நோய், பக்கவாதம், தலைக் காயம் போன்றவற்றால் அல்லலுறும் குடும்பங்களுக்கு இது வெறும் ஆய்வுக்கூடக் கேள்வி அன்று. அவர்களுடைய நம்பிக்கையும், சில வேளைகளில் அவர்களுடைய வாழ்நாள் சேமிப்பும் இதற்குக் கிடைக்கும் விடையைச் சார்ந்துள்ளன.

அவ்விடையின் கணிசமான பகுதி சுண்டெலிகளில் நடத்தப்பட்ட பரிசோதனைகளிலிருந்து கிடைத்துள்ளது. எவ்வளவு கிடைத்துள்ளது, எவ்வளவு இன்னும் கிடைக்கவில்லை என்பதை மாணவர்களும், மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதியும் அனுமதியும் வழங்கும் பொறுப்பில் உள்ளவர்களும் அறிந்திருப்பது அவசியம்.

மூன்று தனித்தனிக் கேள்விகள்

ஒரு கிராமத்தில் மின்மாற்றியை நிறுவிவிட்டதால் மட்டும் அக்கிராமம் மின்வசதி பெற்றதாக ஆகாது. துணை மின்நிலையத்திலிருந்து கம்பி வந்து அதனுடன் சேர வேண்டும். அதிலிருந்து வீடுகளுக்குக் கம்பி செல்ல வேண்டும். இறுதியில் வீட்டில் விளக்கு எரிய வேண்டும். நிறுவப்பட்ட மின்மாற்றிகளின் எண்ணிக்கையை மட்டும் கூறும் அறிக்கை முழு உண்மையையும் கூறுவதில்லை.

மூளைத் திசு மாற்றத்திலும் இவ்வாறே மூன்று கேள்விகள் எழுகின்றன. மாற்றி வைத்த திசு உயிர் பிழைத்ததா? பிழைத்த திசு, ஏற்கும் மூளையின் நரம்பணுக்களுடன் இணைப்புக் கொண்டதா? அவ்விணைப்பினால் இழந்த பணி மீண்டும் நடைபெற்றதா? முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடை கிடைத்தால் மற்ற இரண்டுக்கும் அதே விடை கிடைத்துவிட்டதாக எண்ணுவது இத்துறையில் மீண்டும் மீண்டும் நேர்ந்துள்ள பிழையாகும்.

இணைப்பு என்பதன் பொருளையும் இங்கு விளக்க வேண்டும். ஒவ்வொரு நரம்பணுவிலிருந்தும் ஆக்ஸான் எனப்படும் நீண்ட இழை ஒன்று புறப்பட்டு, பிற நரம்பணுக்களை அடைந்து, சினாப்ஸ் எனப்படும் சந்திப்புகளை ஏற்படுத்துகிறது. இச்சந்திப்புகளின் வழியாகவே செய்தி கடந்து செல்கிறது. சுண்டெலியின் மூளை அரை கிராம் எடைக்கும் குறைவானது. ஆயினும் அதில் சுமார் 7 கோடி நரம்பணுக்கள் உள்ளன. மனித மூளையில் அவை சுமார் 8,600 கோடி. இத்துணைக் கோடி அணுக்களின் நடுவே, புதிதாக வந்த ஓர் அணு தனக்குரிய தோழமை அணுக்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் சிக்கலின் அளவு விளங்கும்.

தொடக்க கால முயற்சிகள்

1890ஆம் ஆண்டில் நியூயார்க்கில் கில்மன் தாம்சன் என்ற மருத்துவர், வளர்ந்த பூனையின் மூளைப் புறணியிலிருந்து எடுத்த திசுவை நாய் ஒன்றின் மூளையில் வைத்தார். ஏழு வாரங்களுக்குப் பின் பார்த்தபோது அத்திசு அங்கேயே இருந்தது. முயற்சி வெற்றி பெற்றதாக அவர் அறிவித்தார். அத்திசுவிலிருந்த நரம்பணுக்கள் பிழைத்திருக்கக்கூடும் என்று இக்கால ஆய்வாளர்கள் கருதுவதில்லை. சிகாகோவில் எலிசபெத் டன் என்ற ஆய்வாளர் மிக இளம் எலிகளைக் கொண்டு செய்து 1917இல் வெளியிட்ட ஆய்வில், மிகச் சில எலிகளில் மட்டுமே மாற்றுத் திசு பிழைத்தது.

ஸ்பெயின் நாட்டின் ரமோன் ஈ கஹால், நரம்பணுவின் அமைப்பை ஆராய்ந்தமைக்காக 1906இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். வளர்ந்த பிராணியின் மூளையில் அறுபட்ட நரம்பு வழிகள் மீண்டும் தழைப்பதில்லை என்ற அவரது முடிவு நெடுங்காலம் இத்துறையை ஆண்டது. இணைப்புக் கிடைக்காதெனில் திசுவை மாற்றி என்ன பயன் என்ற ஐயம் இயல்பாகவே எழுந்தது.

1969இல் இங்கிலாந்தின் ஜெஃப்ரி ரெய்ஸ்மன், வளர்ந்த எலியின் மூளையில் ஒரு நரம்பு வழி அறுபட்டால், காலியான சந்திப்புகளை அண்டை வழியின் இழைகள் வந்து நிரப்புவதை மின்னணு நுண்ணோக்கியின் துணையால் காட்டினார். வளர்ந்த மூளையிலும் புதிய சந்திப்புகள் தோன்றக்கூடும் என்பது இதனால் தெளிவாயிற்று. 1971இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோபால் தாஸ், ஜோசப் ஆல்ட்மன் ஆகிய இருவரும், கதிரியக்கப் பொருளால் குறியிடப்பட்ட இளம் நரம்பணுக்களை எலிக் குட்டிகளின் சிறுமூளையில் வைத்து, அவை பிழைத்திருப்பதை மெய்ப்பித்தனர். திசுவைத் தந்த பிராணியின் அணு எது, ஏற்ற பிராணியின் அணு எது எனப் பிரித்தறிய இக்குறியீடு உதவியது. முந்தைய முயற்சிகளில் இவ்வசதி இல்லை.

கருத் திசுவும் சுண்டெலியும்

பிறக்காத கருவின் மூளைத் திசு ஏன் தேர்ந்தெடுக்கப்படுகிறது? வளர்ந்த நரம்பணு தன் இழையை ஏற்கெனவே நெடுந்தூரம் அனுப்பிவிட்டது. அதைப் பெயர்த்தெடுக்கும்போது இழை அறுபட்டு அணு மடிகிறது. கருவிலுள்ள நரம்பணுவோ இழையை அனுப்பும் தறுவாயில் உள்ளது. பிராண வாயுக் குறைவையும் ஓரளவு தாங்கிக்கொள்கிறது. வேரோடிய மரத்தைவிட நாற்றைப் பிடுங்கி நடுவது எளிது என்பதை உழவர் அறிவர். நாற்றுக்கும் வயது உண்டு என்பதையும் அவர்கள் அறிவர். சுண்டெலியின் கருக்காலம் சுமார் 20 நாட்களே. அதற்குள் மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஏற்ற நாள் வேறுபடுகிறது. ஓரிரு நாட்கள் தவறினாலும் விளைவு மாறிவிடும்.

சுண்டெலியைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணங்கள் உள்ளன. பல தலைமுறைகளாக நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருக்கப்பட்ட சுண்டெலி வம்சங்களில் ஒன்றன் திசுவை மற்றொன்று பெரும்பாலும் மறுப்பின்றி ஏற்கிறது. மேலும், ஒரே ஒரு மரபணுவின் குறையால் மூளையில் ஒரே ஒரு வகை அணுவை அல்லது ஒரே ஒரு சுரப்பை இழந்த சுண்டெலி வம்சங்கள் உள்ளன. இல்லாத அந்த ஒன்றை மட்டும் வெளியிலிருந்து கொடுத்தால் என்ன நிகழ்கிறது என்று பார்க்கலாம். இவ்வகை ஆய்வுகளில் இரண்டு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை.

இனப்பெருக்க ஆற்றலற்ற சுண்டெலி

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதாலமஸ் பகுதியைச் சேர்ந்த சில நரம்பணுக்கள் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. அது நுண்ணிய இரத்தக் குழாய்களின் வழியே பிட்யூட்டரி சுரப்பியை அடைந்து, இனப்பெருக்க உறுப்புகளைத் தூண்டும் பிற ஹார்மோன்களை வெளிவரச் செய்கிறது. இந்த ஹார்மோன் இன்மையால் இன உறுப்புகள் வளராமலே போகும் ஒரு சுண்டெலி வம்சம் 1977இல் இங்கிலாந்தில் விவரிக்கப்பட்டது.

1982இல் நியூயார்க்கைச் சேர்ந்த டாரத்தி கிரீகர், மேரி கிப்சன் ஆகியோரும் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சார்ல்ட்டனும் பிறரும் இணைந்து, இயல்பான சுண்டெலிக் கருவின் மூளையிலிருந்து அந்த நரம்பணுக்கள் உள்ள சிறு பகுதியை எடுத்து, குறையுள்ள ஆண் சுண்டெலிகளின் மூளையில் மூன்றாவது அறை எனப்படும் நீர்நிறை இடத்தில் வைத்தனர். பிட்யூட்டரியின் ஹார்மோன் அளவு உயர்ந்தது, விரைகள் வளர்ந்தன, விந்தணுக்களும் உருவாயின. பிறவிக் குறை ஒன்றை மூளைத் திசு மாற்றம் சரிசெய்தமைக்கு இது தெளிவான எடுத்துக்காட்டாகும்.

ஆயினும் இணைப்பைப் பற்றிய கேள்வி அங்கே முடியவில்லை. திசுவிலிருந்து கசிந்த ஹார்மோனே இப்பயனைத் தந்திருக்கலாம் அல்லவா? தொடர்ந்து நுண்ணோக்கியால் ஆராய்ந்தபோது, மாற்றுத் திசுவின் நரம்பிழைகள் கண்ட இடமெல்லாம் பரவாமல், இயல்பான சுண்டெலியில் எந்த இரத்தக் குழாய்களின் அருகே முடிகின்றனவோ அங்கேயே சென்று முடிந்திருந்தன. வெளிச்செல்லும் வழி சரியாக அமைந்துவிட்டது.

உள்வரும் வழி? இதற்குரிய விடையின் ஒரு பகுதி பெண் சுண்டெலிகளிடமிருந்து 1984இல் கிடைத்தது. மாற்றுத் திசு பெற்ற பெண் சுண்டெலிகளில் இயல்பான சூல் சுழற்சி முழுமையாகத் திரும்பவில்லை. ஆனால் ஆணுடன் கூடியபின் அவற்றுள் சில கருவுற்றன. இயல்பான சுண்டெலியில் கூடுதல் நிகழ்ந்தாலும் நிகழாவிட்டாலும் சுழற்சிப்படி சினைமுட்டை வெளிவரும். இங்கோ கூடியதன் தூண்டுதலால் அது வெளிவந்தது. அதாவது உடலிலிருந்து எழுந்த உணர்ச்சிச் செய்தி ஏதோ ஒரு வழியில் மாற்றுத் திசுவைப் பாதித்துள்ளது. சுழற்சியை நடத்தும் நுட்பமான செய்தி மட்டும் உரியவாறு சேரவில்லை. இணைப்பு என்பது ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரு சொற்களில் அடங்குவதன்று. எந்த இணைப்பு உண்டு, எது இல்லை என்று கேட்க வேண்டும் என்பதை இவ்வாய்வு கற்பித்தது.

தள்ளாடும் சுண்டெலி

உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையின் புறணியில் பர்க்கிஞ்சி அணுக்கள் எனப்படும் பெரிய நரம்பணுக்கள் உள்ளன. அப்புறணியிலிருந்து வெளிச்செல்லும் செய்தி முழுவதும் இவற்றின் வழியாகவே செல்கிறது. பிறந்த சில வாரங்களில் இவ்வணுக்கள் அனைத்தும் ஏறக்குறைய அழிந்து, நடை தள்ளாடும் ஒரு சுண்டெலி வம்சம் 1976இல் விவரிக்கப்பட்டது.

1980களின் நடுப்பகுதியில் பாரிஸ் நகரில் கான்ஸ்டன்டினோ சொட்டெலோ, ரோஸா மக்டா அல்வராதோ மல்லார்ட் ஆகியோர், இயல்பான சுண்டெலிக் கருவின் சிறுமூளைத் திசுவை இச்சுண்டெலிகளின் சிறுமூளையில் வைத்தனர். கருவின் பர்க்கிஞ்சி அணுக்கள் வைத்த இடத்திலேயே தங்கிவிடவில்லை. அவை ஏற்கும் சிறுமூளைக்குள் இடம்பெயர்ந்து, காலியாக இருந்த அடுக்கில் அமர்ந்து, தமக்குரிய தட்டையான கிளை வடிவத்தைப் பெற்றன. ஏற்கும் மூளையின் இழைகளும் அவற்றுடன் முறையான சந்திப்புகளை ஏற்படுத்தின. வளர்ந்த மூளையிலும், காலியிடம் இருக்குமாயின், வழிகாட்டும் குறிப்புகள் தோன்றக்கூடும் என்பதற்கு இது சான்றாயிற்று.

இம்முறை உள்வரும் வழி நன்கு அமைந்தது. வெளிச்செல்லும் வழியில்தான் தடை ஏற்பட்டது. பர்க்கிஞ்சி அணுக்களின் இழைகள் சிறுமூளையின் ஆழத்திலுள்ள உட்கருக்களை அடைய வேண்டும். மாற்றுத் திசு அவற்றுக்கு மிக அருகில் அமைந்தபோது மட்டுமே சில இழைகள் சென்று சேர்ந்தன. தொலைவிலிருந்தவை நின்றுவிட்டன. வளர்ந்த மூளையின் திசுவுக்குள் இழை வளர்வது எளிதன்று என்ற பழைய உண்மை மீண்டும் தலைகாட்டியது. முன்னைய ஆய்வில் இழைகள் செல்ல வேண்டிய இடம் மாற்றுத் திசுவின் அருகிலேயே இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தூரம் ஒரு முக்கியக் காரணி என்பது புலனாகும்.

இணைப்பின்றியும் பயன் உண்டு

பயன் கிடைத்தது என்பதனாலேயே இணைப்பு ஏற்பட்டது என்று முடிவு கட்டலாகாது. சுண்டெலிக்கு உறவான ஹாம்ஸ்டர் என்ற பிராணியில் நடந்த ஆய்வு இதற்குச் சான்று. உறக்கம், விழிப்பு ஆகியவற்றின் நாளொழுங்கை நடத்தும் மூளைப் பகுதியை நீக்கிவிட்டு, வேறொரு ஹாம்ஸ்டரின் கருத் திசுவை வைத்தால், இழந்த ஒழுங்கு மீள்கிறது. 24 மணிக்குப் பதிலாகச் சுமார் 20 மணி நேரச் சுழற்சி கொண்ட வம்சத்தின் திசுவை வைத்தால், ஏற்ற பிராணியும் 20 மணி நேரச் சுழற்சிக்கு மாறுகிறது என 1990இல் மார்ட்டின் ரால்ஃப், மைக்கேல் மெனகர் முதலியோர் காட்டினர். 1996இல் ரே சில்வர் முதலியோர் இத்திசுவை நுண்துளைகள் கொண்ட உறைக்குள் அடைத்து வைத்தனர். இழைகள் வெளியேற வழியில்லை. கரைந்த பொருள்கள் மட்டுமே கடக்க முடியும். அப்போதும் அசைவின் நாளொழுங்கு மீண்டது.

எனவே மாற்றுத் திசு ஒன்று மூன்று வழிகளில் பயன் தரலாம்: நரம்பு இணைப்பை மீட்பதால், ஒரு பொருளைச் சுரப்பதால், அல்லது எஞ்சியுள்ள அணுக்களுக்கு ஊட்டம் தருவதால். இவற்றைப் பிரித்தறிய ஒப்பீட்டுக் குழுக்கள் தேவை. வேறு மூளைப் பகுதியின் திசுவைப் பெற்றவை, அறுவை மட்டும் செய்யப்பெற்றவை, எதுவும் செய்யப்பெறாதவை எனப் பல குழுக்களை அருகருகே வைத்துப் பார்க்காமல் கூறப்படும் வெற்றிக்கு மதிப்பு இல்லை.

அண்மைக் கால முன்னேற்றம்

முன்பு பிராணியைக் கொன்று திசுவை வெட்டிப் பார்த்தே இணைப்பை அறிய முடிந்தது. இப்போது உயிருள்ள சுண்டெலியின் மூளையில் ஒளிரும் நரம்பணு ஒன்றை வாரக்கணக்கில் தொடர்ந்து கவனிக்க இயலும். வீரியம் மாற்றப்பட்ட வெறிநாய்க்கடி வைரஸைப் பயன்படுத்தி, ஓர் அணுவுக்கு நேராகச் செய்தி அனுப்பும் அணுக்கள் எவை என்று கண்டறியவும் முடிகிறது.

2010இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆய்வில், பிற அணுக்களை அடக்கும் வகையைச் சேர்ந்த இளம் நரம்பணுக்கள் சுண்டெலிக் குட்டிகளின் பார்வைப் புறணியில் வைக்கப்பட்டன. கண்களின் அனுபவத்திற்கேற்ப இணைப்புகள் மாறும் பருவம் குறுகியது. அப்பருவம் கடந்தபின், மாற்றப்பட்ட அணுக்கள் உரிய வயதை எட்டியபோது, இணைப்புகள் மாறும் தன்மை மீண்டும் ஒருமுறை தோன்றியது. 2016இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் மக்டலேனா கெட்ஸ், மார்க் ஹூபனர் குழுவினர், வளர்ந்த சுண்டெலியின் பார்வைப் புறணியில் சில நரம்பணுக்களை அழித்து, அவ்விடத்தில் கருவின் நரம்பணுக்களை வைத்தனர். சில வாரங்களுக்குள் அவை, பார்வைப் புறணிக்கு இயல்பாகச் செய்தி அனுப்பும் பகுதிகளிலிருந்தே செய்தி பெற்றன. பின்னர், கண்முன் காட்டப்பட்ட கோடுகளின் சாய்வைப் பிரித்தறியவும் செய்தன. பிழைத்தல், இணைதல், பணியாற்றுதல் ஆகிய மூன்றும் ஒரே ஆய்வில் ஒருங்கே காட்டப்பட்டமை இதன் சிறப்பு.

நோயாளிகளும் அவசரமும்

மூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் அணுக்கள் அழிவதால் பார்க்கின்சன் நோயின் நடுக்கமும் விறைப்பும் உண்டாகின்றன. இவ்வணுக்களை இழந்த எலிகளுக்குக் கருத் திசுவை மாற்றினால் அசைவுக் குறை தணிகிறது என 1979இல் சுவீடன், அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். 1987இல் சுவீடனின் லுண்ட் நகரில் நோயாளிகளுக்குக் கருத் திசு மாற்றம் தொடங்கியது. அதே ஆண்டில் மெக்சிகோவிலிருந்து, நோயாளியின் சொந்த அட்ரினல் சுரப்பித் திசுவை மூளையில் வைத்துப் பெரும் பயன் கண்டதாக அறிக்கை வந்தது. அதை நம்பிப் பல நாடுகளில் அறுவைகள் நடந்தன. பயன் நிலைக்காமையாலும் தீங்குகள் தோன்றியமையாலும் சில ஆண்டுகளில் அம்முறை கைவிடப்பட்டது.

2001இல் அமெரிக்காவில் 40 நோயாளிகளைக் கொண்ட பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. பாதிப் பேருக்குக் கருத் திசு வைக்கப்பட்டது. மற்றவர்களுக்கு மண்டையோட்டில் துளை மட்டும் இடப்பட்டது. யாருக்கு எது செய்யப்பட்டது என்று நோயாளிகள் அறியார். திசு பெரும்பாலோரிடம் பிழைத்தது. ஆனால் ஓரளவு முன்னேற்றம் இளைய நோயாளிகளிடம் மட்டுமே காணப்பட்டது. சிலருக்கோ கட்டுப்படுத்த இயலாத அசைவுகள் பின்னர் தோன்றின. முதல் கேள்விக்கான விடையை மூன்றாவதன் விடையாகக் கொள்ளலாகாது என்பதை மனிதத் துன்பத்தின் விலை கொடுத்துக் கற்க நேர்ந்தது. 2025இல், குருத்தணுக்களிலிருந்து உருவாக்கிய டோபமின் நரம்பணுக்களைப் பயன்படுத்திய இரு சிறு பரிசோதனைகளின் முடிவுகள் வெளிவந்தன. ஒன்று ஜப்பானின் கியோட்டோவில் 7 பேரிடமும், மற்றொன்று வட அமெரிக்காவில் 12 பேரிடமும் நடந்தது. பாதுகாப்பைப் பொறுத்தவரை அவை நம்பிக்கை அளிக்கின்றன. பயனை உறுதிசெய்யப் பெரிய பரிசோதனைகள் தேவை.

இந்தியாவின் பொறுப்பு

இந்தியாவில் புது தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் எலி, குரங்கு ஆகியவற்றில் கரு மூளைத் திசு மாற்ற ஆய்வுகள் நடந்துள்ளன. ஹரியானாவின் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையமும், பெங்களூரில் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமும் உள்ளன. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960, இத்தகைய ஆய்வுகளை மேற்பார்வையிட ஒரு குழுவுக்கு வழிவகுக்கிறது. இயன்றவரை மயக்க மருந்தின் கீழ்ப் பரிசோதனை நடைபெறவும், சிறு பிராணிகளால் அதே முடிவை அடைய முடியுமாயின் பெரிய பிராணிகளைத் தவிர்க்கவும் அச்சட்டம் வலியுறுத்துகிறது. 1998ஆம் ஆண்டு விதிகள் ஆய்வு நிறுவனங்களின் பதிவைக் கட்டாயமாக்கின.

நோயாளிகளைக் காக்கும் ஏற்பாடும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட குருத்தணு ஆராய்ச்சி வழிகாட்டுதல்களின்படி, இரத்த நோய் முதலியவற்றுக்கு ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட இரத்தக் குருத்தணு மாற்றம் தவிர்த்த பிற பயன்பாடுகள் யாவும் ஆராய்ச்சி நிலையிலுள்ளவை. அனுமதி பெற்ற பரிசோதனைக்கு வெளியே அவற்றைச் சிகிச்சையாக வழங்கக் கூடாது. ஆயினும் மூளை வளர்ச்சி குன்றிய குழந்தையை எப்படியாவது தேற்ற வேண்டும் என்று நிலத்தை விற்றுப் பணத்துடன் வரும் பெற்றோருக்கு, ‘அணுக்கள் உடலில் சேர்ந்துவிட்டன’ என்ற சொல்லே போதுமான ஆறுதலாகத் தோன்றக்கூடும். அவை எவற்றுடன் இணைந்தன, எப்பணியை மீட்டன, ஒப்பீட்டுக் குழுவில் என்ன நிகழ்ந்தது என்று அவர்களால் கேட்க இயலாது. அவர்களுக்காக அக்கேள்விகளைக் கேட்பது நெறிமுறைக் குழுக்களின் கடமை. உரிமமும் நிதியும் வழங்கும் அதிகாரிகளின் கடமையும் அதுவே.

சுண்டெலி ஆய்வுகள் இத்துறையில் நம்பிக்கைக்கு இடமளித்துள்ளன என்பதில் ஐயமில்லை. வளர்ந்த மூளை புதிய நரம்பணுக்களை ஏற்க வல்லது. உரிய வயதுடைய அணுவை உரிய இடத்தில் வைத்தால் அது தன் வழியைக் கண்டறியவும் கூடும். அதே ஆய்வுகள் தூரம், வயது, இடம் ஆகியவற்றால் வரும் வரம்புகளையும் மறைக்காமல் காட்டியுள்ளன. நம்பிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு வரம்புகளை விட்டுவிடும் திட்டம் எதுவும் நோயாளிக்கு நன்மை பயக்காது. பிழைத்ததா, இணைந்ததா, பணியாற்றியதா என்ற மூன்று கேள்விகளும் தனித்தனியே கேட்கப்பட்டு, தனித்தனியே விடை பெறும் வரை காத்திருக்கும் பொறுமை விஞ்ஞானத்துக்கு மட்டுமன்றி நிர்வாகத்துக்கும் இன்றியமையாதது.